கயிற்றில் இறங்கிய அலுப்பு

இடம்பெயர்ந்திருந்து தன் கடலோரக் கிராமமான கீரியில் மீள்குடியேறிய வருடம் வலன்ரைன் மனச்சோர்வுக்குக் குளிசை போடத் தொடங்கினார். ஐந்து வருடத்தில் பயம் போனது, அழுகை போனது, கூடவே உடம்பின் தெம்பும் போனது. பிரசங்கம் தொடங்குமுன்னரே கோயிலில் தூங்கிவிடுவார்.

“அண்ணை, இண்டைக்கும் கரைவலையில நித்திரை கொண்டால் நாளைக்கு வேற ஆள்தான்,” என்றார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி றொட்னி.

வேலை போய்விடக்கூடாதென்று, கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் அந்த வலையின் கயிற்றை, விழாமலிருக்க இடுப்பில் கட்டிக்கொண்டார் வலன்ரைன். பத்தாவது நிமிடம் நின்றபடியே குறட்டை விட்டார்.

அப்போதுதான் கோயில் கதவளவு திருக்கை ஒன்று வலையில் மாட்டியது. அது இழுத்த இழுப்பில் கூட இழுத்த மற்றப் பதினாறு பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். வலன்ரைன் மட்டும் இரண்டு குதிக்காலும் மணலில் புதையத் தூங்கினார். அரைமணி நேரத்தில் அவருடைய அலுப்பு கயிறு வழியாகத் திருக்கைக்கும் தொற்றி, அது கொட்டாவி விட்டபடி கரைக்கு வந்தது.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டர், “அலுப்பு குளிசையாலதான். அளவைக் குறைப்பம்,” என்றார்.

கூடவே வந்திருந்த றொட்னி பதறினார். “ஐயோ டொக்டர், மீன் சீசன் முடியட்டும்!”

“நீங்கள் குறையுங்கோ டொக்டர்,” என்றார் வலன்ரைன். “ஒரு பிரசங்கத்தையாவது முழுசாக் கேக்கவேணும்.”