நோவில்லாத ஏழு நாள்

"வாப்பா, அலுமாரிச் சாவியத் தாங்க. என்ட பம்ப் எனக்கு இப்பவே வேணும்."

நோன்பு பத்தொன்பது, காலை ஆறேகால். அலுவிகாரையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் மக்கீனின் வீட்டு ஹோலில் நின்றுகொண்டு அவருடைய மகள் றஸ்மியா இப்படிக் கேட்டாள். இதைக் கேட்கவே கூடாது என்று உம்மா ஜெஸீமா முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள். "நோன்போட, பகல்ல, வாப்பாக்கிட்ட அத மட்டும் கேட்டுடாத புள்ள. நோன்பு தொறக்கிற மஃரிப் வரைக்கும் பல்லக் கடிச்சிக்க." பல்லைக் கடித்துக்கொண்டு எப்படி மூச்சு விடுவது என்று உம்மா சொல்லவில்லை.

மக்கீன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "மஃரிபுக்குத் தாறேன் மகள். நேத்தும் தந்தேன்தானே?"

"நேத்து மத்தியானம் ஒன்பதாம் வகுப்புப் புள்ளைங்க எனக்குக் கொப்பி மட்டையால விசிறினாங்க வாப்பா. டீச்சர் மௌத்தாப் போயிடுவான்னு ஒரு புள்ள அழுதிச்சி."

அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.சி.யைத் தாண்டிய முதல் ஆள் றஸ்மியா. பேராதனையில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள். இரத்தோட்டையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். முஸ்லிம் பாடசாலைகளுக்கெல்லாம் நோன்பு விடுமுறை, அவளுடையதற்கு இல்லை. இரண்டு பஸ் மாறி, மேடு ஏறி, சோக்குத் தூசுக்குள் நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே இழுப்புக்காரி.

மக்கீன் கல்நெஞ்சர் அல்ல. அதுதான் கஷ்டம். கல்நெஞ்சரோடு சண்டை பிடிப்பது சுலபம். எழுபத்து மூன்றாம் ஆண்டு அது. பாணுக்கே விடியமுன் கியூவில் நிற்க வேண்டிய காலத்தில், கொழும்பில் தம்மிடம் கராம்பு வாங்குகிறவரிடம் கெஞ்சி, லண்டனிலிருந்து வந்த யாரோ ஒருவர் மூலம் மூச்சுக்கு மருந்து இழுக்கும் அந்த பம்பை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கண்டி டொக்டரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். டொக்டர் இங்கிலீஷில் சொன்னதை றஸ்மியா ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள்: தேவைப்படும்போது இரண்டு இழுவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். சிலருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தசை பிடிக்கும், முதுகு நோவும் வரலாம். வந்தால் நீங்களாக நிறுத்தாமல் என்னிடம் வாருங்கள். வாப்பா முதுகு நோவு வரை கேட்டுக்கொண்டார். அதற்குப் பின்னால் வந்தது அவர் மனதில் தங்கவில்லை.

நோவு நாலாம் நோன்பில் தொடங்கியது. தோள்பட்டைகளுக்கு நடுவில் பிடித்து, பின்னேரம் ஆக ஆக இடுப்பு வரை இறங்கும். எட்டாம் நோன்பில் தொழுகையில் ருகூவுக்குக் குனிய ஏலாமல் போய், இருபத்து நாலு வயதில் கதிரையில் உட்கார்ந்து தொழுதாள். மக்கீன் அதைக் கண்டுவிட்டார். அன்று நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிட்டார்.

இடையில் ஒரு கிழமை நோவு விட்டிருந்தது. பதினாறில் திரும்பி வந்தது. பதினேழில் அவர் பம்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மஃரிபுக்கும், விடியமுன் சாப்பிடும் சஹருக்கும் தாமே எடுத்துத் தந்து, தந்த கையோடு திருப்பி வாங்கிக்கொண்டார்.

பகலில் பம்ப் இழுத்தால் நோன்பு முறியுமா என்று அந்த வீட்டில் யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. முறியும் என்றே வைத்துக்கொண்டார்கள். றஸ்மியாவும்தான். அதனால் விடிகாலைச் சுபஹு பாங்குக்கு முன்னால் ஒரேயடியாக எட்டு இழுவை இழுத்துக்கொள்வாள், பகல் முழுவதுக்கும் சேர்த்து. கை நடுங்கிக் கோப்பை தட்டில் கிடந்து ஆடும். பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு மறுபடி அடைத்துவிடும். இன்று ஆறு மணிக்கே அடைத்துவிட்டது.

"நான் செல்றதக் கேளு மகள்," என்றார் மக்கீன். குரல் தணிந்திருந்தது. "ஒன்பதாம் நோன்புல இருந்து பதினஞ்சு வரைக்கும் நோவு இருந்திச்சா?"

"இல்ல."

"ஏழு நாள். நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அது நோன்போட பரக்கத். சொகம் வந்திட்டுன்னு நீ மறுபடி பம்ப அள்ளி இழுத்தே, நோவும் திரும்பி வந்திச்சி. இன்னும் பதினொரு நாள். நோன்ப ஒழுங்காப் புடி. அல்லாஹ் எறக்கம் காட்டுவான்."

குசினித் திரைக்குப் பின்னால் நின்ற ஜெஸீமா, மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

வேண்டாம் என்பது எதை என்று றஸ்மியாவுக்கு நன்றாகத் தெரியும். தொழுகையில்லாத நாட்களில் அந்த வீட்டுப் பெண்கள் நோன்பு பிடிப்பதில்லை. எந்த வீட்டிலும்தான். ஆனால் அது ஆம்பளைகளுக்குத் தெரியக்கூடாது. ஆகவே அந்த நாட்களிலும் மூன்றரைக்கு எழும்பி, அவர்களோடு உட்கார்ந்து சஹர் சாப்பிட்டு, பகலில் பின்பக்கத்து விறகுக் கொட்டிலில் குந்தி எதையாவது விழுங்க வேண்டும். மக்கீனுக்கு மார்க்கம் தெரியும். எந்தப் பெண்ணும் முப்பதும் பிடிக்க மாட்டாள் என்பதும் தெரியும். ஆனால் எந்த நாட்கள் என்று நினைத்துப் பார்ப்பதே வெட்கக்கேடு. அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அதனால்தான் அந்த ஏழு நாளையும் தலைகீழாக விளங்கிக்கொண்டார்.

சொல்லாமல் விட்டால் வாப்பாவின் மானம் மிஞ்சும், உம்மாவின் மானம் மிஞ்சும். றஸ்மியாவின் மூச்சு மட்டும் மிஞ்சாது.

"அந்த ஏழு நாளும் நான் நோன்பு புடிக்கல்ல வாப்பா."

"என்ன?"

"எனக்கு மாதவிடாய். சஹருக்கு எழும்பி உங்களோட ஒக்காந்தது நடிப்பு. பகல்ல தண்ணி குடிச்சேன். பம்ப் இழுத்தேன். டொக்டர் சொன்ன மாதிரி காலைல ரெண்டு, மத்தியானம் ரெண்டு. அந்த ஏழு நாளும்தான் எனக்கு முதுகு நோகல்ல."

திரை அசைவதை நிறுத்தியது. மக்கீனின் காதுமடல் சிவந்தது. தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"மூச்சு அடைச்சா நான் தோளத் தூக்கித் தூக்கித்தான் இழுக்கிறேன் வாப்பா," றஸ்மியா விடவில்லை. "பகல் பூரா முதுகுதான் அந்த வேலையச் செய்யுது. நோகாம என்ன செய்யும்?"

மக்கீன் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "அப்ப பம்புல ஒரு பிழையும் இல்லையா?"

"தெரியாது. இருக்கலாம். சஹருக்கு எட்டு இழுவை இழுத்தது என்ட மடத்தனம், அதாலயும் நொந்திருக்கும். பம்ப்தான் காரணமுன்னா அத டொக்டர் செல்லட்டும். பூட்டு செல்ல வேணாம்."

மக்கீன் எழுந்தார். அலுமாரியைத் திறந்து, பம்பை எடுத்து, மகளின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

"சொகமில்லாதவங்க நோன்ப விடலாம்னு எனக்குத் தெரியாதா? இதெல்லாம் உம்மாக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"உம்மாக்குத் தெரியும் வாப்பா. அவங்க செல்ல மாட்டாங்க."

அவர் பின்கதவால் கடைக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் ஜெஸீமா பாய்ந்து வந்தாள்.

"வெக்கம் கெட்டவளே! பேராதனையில இதத்தான் படிப்பிச்சாங்களா?"

"விலங்கியல்ல இதுவும் ஒரு பாடம்தான் உம்மா."

"வாயப் பாரு! பெத்த வாப்பாக்கிட்ட..." ஜெஸீமா குரலைத் தாழ்த்தினாள். "சரி, நடந்தது நடந்திட்டு. கொட்டிலுக்குள்ள போய் இழுத்துக்க. ரெண்டு இடியப்பம் வச்சிருக்கேன், அங்கேயே தின்டுட்டுப் போ. பக்கத்து வீட்டு கைறுன்னிஸா வாசல் கூட்டிக்கிட்டு நிக்கிறா. கண்டாள்னா மாத்தளை டவுன் வரைக்கும் போயிடும்."

விறகுக் கொட்டில். ஏழு நாளும் அந்தத் தூசுக்குள் குந்தியிருந்துதான் மூச்சுக்கு மருந்து இழுத்தாள். நினைக்கச் சிரிப்புத்தான் வந்தது.

"நீங்க எத்தனை வருஷமா அதுக்குள்ள குந்தித் தின்றீங்க உம்மா?"

"அதுக்கென்ன இப்ப?"

"உங்களுக்கு நோகல்லையா?"

ஜெஸீமாவின் கை இறங்கி இடுப்பில் நின்றது.

றஸ்மியா ஹோலிலேயே, ஜன்னல் பக்கம் நின்று, இரண்டு இழுவை இழுத்தாள். இரண்டே இரண்டு. கூஜாவைச் சரித்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். மார்பு மெல்லத் திறந்தது. முதுகு இன்னும் நொந்துகொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை கண்டிக்குப் போய் நோவையும் அந்த எட்டு இழுவையையும் டொக்டரிடம் சொல்வது, இந்த மாதத்தில் மீதி நோன்புகளை விடுவது, மழை விட்டதும் தை, மாசியில் விட்டதை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழாச் செய்வது. இதில் யோசிக்க இனி ஒன்றும் இல்லை.

"எங்கடி அந்தப் பக்கம் போறே? பின்னால வா!"

றஸ்மியா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்கதவைத் திறந்தாள்.

கைறுன்னிஸா விளக்குமாற்றை ஊன்றி நிமிர்ந்தாள். "என்ன புள்ள, மொகம் வெளுத்துக் கெடக்கு? நோன்பு கஷ்டமா?"

"இன்டைக்கு எனக்கு நோன்பில்ல மாமி," என்றாள் றஸ்மியா, நடையை நிறுத்தாமல்.