நிலைக்குள் இருக்கும் தம்பி

என் தம்பி தாணு நடு அறைக் கதவின் நிலைக்குள் இருக்கிறான். அப்பா இறந்த பிறகு வீட்டை இரண்டாகப் பிரிக்கும் பேச்சு வந்தது. அவன் சாப்பாட்டிலிருந்து எழுந்து, கை கழுவிவிட்டுப் போய் நிலையின் வலது கட்டைக்குள் நின்றுகொண்டான். அதற்குப் பிறகு அந்தக் கதவை நாங்கள் ஓங்கிச் சாத்துவதில்லை.

இந்த வருடம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கத் தீர்மானித்தோம். வேலைக்கு வந்த கிறிஸ்துராஜ் முதலில் மரச்சாமான்களைச் சோதித்தார். ஜன்னல்களின் வெடிப்புக்குப் பட்டி வைத்துத் தேய்த்தால் போதும் என்றார். நடு அறை நிலையின் அடியில் மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

"குளியலறைத் தண்ணி கசிஞ்சு உளுத்துட்டு, அண்ணாச்சி. முழங்கால் உயரத்துக்கு அறுத்துட்டு வேற கட்டை சேக்கணும். விட்டா மேல ஏறிரும்."

"உள்ளே தம்பி இருக்கான்."

"தெரியும். காலைக் கொஞ்சம் தூக்கிக்கிட முடியுமான்னு கேளுங்க."

தாணுவிடம் என் மனைவி, அவனுக்கு மைனியான பகவதிதான் பேசுவாள். நான் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"கால் வலிக்கா?"

"இல்லண்ணே. போன மழையிலேயே மரத்துப் போச்சு."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேக்கலியே."

"வெளிய வந்துரு தாணு. உனக்கு எந்தப் பாதி வேணுமோ எடுத்துக்க."

அவன் யோசித்தான். "இப்ப வந்தா நிலை தாங்காதுண்ணே. மேல சுவர் இருக்கு. மைனி அடியிலதான் நடமாடுதாங்க."

பகவதி அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

தாணு காலைத் தூக்கிக்கொண்டதும் கிறிஸ்துராஜ் பென்சிலால் கோடு போட்டு அறுத்தார். முடியும்வரை நான் நிலையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். விழுந்த மரத்தூள் வெதுவெதுப்பாக இருந்தது. பழைய மர டிப்போவிலிருந்து வாங்கி வந்த அயினிக் கட்டையை அளவாகச் செதுக்கி, பசை தடவி, ஆணி அடித்துச் சேர்த்தார். இணைப்பிலும் வெடிப்புகளிலும் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தார். தாணுவின் வாய் இருக்கும் இடத்து வெடிப்பை மட்டும் அடைக்க வேண்டாம் என்றேன்.

"பெயின்ட் அடிச்சா அசிங்கமா தெரியும்."

"தெரியட்டும்."

பெயின்ட் காய்ந்த அன்று தாணு தானாகவே என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, புதுக்கட்டையில ஒரு பொண்ணு இருக்கா. பேரு ஆவுடை. செங்கோட்டையில ஒரு பழைய வீட்டை இடிச்சப்ப வந்தவளாம். நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீ என்ன சொல்லுத?"

"அவங்க வீட்ல கேக்கணும்லா," என்றேன்.

டிப்போவுக்குப் போய் முறைப்படி கேட்டேன். வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண் வீட்டார் மினி லாரியில் வந்து இறங்கினார்கள். ஒரு அலமாரி, இரண்டு ஜன்னல்கள், பெண்ணின் அப்பாவான மரப்படிக்கட்டு. வயதானவர், நான்கைந்து படிகள் இல்லை. வெயில் படாத சுவரில் அவரைச் சாய்த்து வைத்தோம். அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று ஒரு ஜன்னல் மெதுவாகச் சொல்லிற்று. பகவதி அவருக்குத் தனியாகக் காபி போட உள்ளே போனாள்.