வெறும் தரையில் விழுந்தவன்

சிறைப் பயிற்சி அறையில் டீசலும் கிடையாது, வண்டியும் கிடையாது. கண்ணை முழுக்க மறைக்கும் கம்ப்யூட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால், கண்ணெதிரே கிடங்கு விரியும். கைதிகள் அதில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகினார்கள்.

காரால் ஒருவரை இடித்துக் கொன்ற வழக்கில் உள்ளே வந்தவர் தாடிக்காரர். அவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, கண்ணாடிக்குள் ஒரு தொழிலாளி அடிபட்டு விழுந்தான். தாடிக்காரர் பதறியடித்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றாமலே மண்டியிட்டு வெறும் தரையைத் துழாவினார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

“யோவ், அது பொம்மைய்யா! பட்டனை அமுக்கு, தானா எழுந்திருப்பான்,” என்றார் பயிற்சியாளர்.

தாடிக்காரர் துழாவுவதை நிறுத்தவில்லை.

“அன்னைக்கு நான் வண்டிய விட்டு இறங்கவே இல்ல, சார்.”