கோட்டில் விழுந்த இடைவெளி

அந்த அந்துப்பூச்சி ஓர் அரிசி அளவுதான் இருக்கும். முன்சிறகு வைக்கோல் நிறம். அதன் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. பின்சிறகு வெறும் சாம்பல், ஓரமெல்லாம் பூனைமுடி போல மெல்லிய இழைகள். அருங்காட்சியகத்தில் பூச்சிகளைப் படமாக வரைவதுதான் அக்காவின் வேலை. தம்பி மட்டுமில்லை, ஆபீசே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. பழைய ஒற்றைக் குழல் நுண்ணோக்கியில் வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் எப்போதும் வரைவாள்.

அவள் வரைந்த படத்தில் அந்தக் கோடு நடுவே அறுந்திருந்தது. துறைத் தலைவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கும் பறக்கிற சாதாரணப் பூச்சிக்கு அந்தக் கோடு அறுபடாது. அப்படியென்றால் இது புது இனம். அக்கா வரைந்ததை அவர் பூச்சியோடு ஒத்துப் பார்ப்பதே இல்லை. உடனே வெளியூர் நிபுணர்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதே பெட்டியில் இருந்த மற்றப் பூச்சிகளையும் வரையச் சொன்னார்.

எல்லாவற்றிலும் கோடு அறுந்திருந்தது. அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. பூச்சியை லேசாக நகர்த்திப் பார்த்தாள். இடைவெளி கோட்டில் வேறு இடத்துக்கு மாறியது. இடது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கம்பி நடுவில் காணாமல் போயிருந்தது. கண்ணை மாற்றினாள். கம்பி முழுசாக நின்றது.

வீட்டில் தம்பியிடம் சொன்னாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். கண் பரிசோதனையில் தேறாமல் வேலை போனவர்களை அறிந்தவன். முதலில் டாக்டரைப் பார்ப்போம், அதுவரை ஆபீசில் மூச்சுவிடாதே என்றான். விழித்திரையில் நீர் கசிகிறது, ஊசி போட்டால் மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போன பார்வை திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர்.

"இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு? அதை வெச்சு ஓட்டிரலாம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் தம்பி, வெளியே வந்ததும்.

"ஏற்கெனவே வரைஞ்சதை என்னடா பண்றது?"

அவன் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

மறுநாள் அக்கா தலைவரிடம் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போனது. தானே நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை முழுசாக ஓடியது.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலை சார்."

அதுதான் பெரிய அடி. அச்சுக்குப் போகவேண்டிய படங்கள் அலமாரி நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் இனிப் பூச்சியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தலைவர் நிபுணர்களை மறுபடி போனில் கூப்பிட்டு, தப்பு நடந்துவிட்டது என்றார். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. கதவருகே நின்றிருந்த அக்காவுக்கு, சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இந்தப் படத்தைத் தானே சரிசெய்து தருவதாகக் கேட்டு வாங்கினாள். இடது கண்ணால் பார்த்து இடைவெளியை நிரப்பினாள். கை பிசகவில்லை.

அவர் படத்தை வாங்கிக்கொண்டு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். பூச்சியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பெட்டியைத் திறந்தார்.