இடைவேளையில் ஒரு கையெழுத்து

இருதயராஜின் அபிப்பிராயம் ஒன்று காலாவதியாகிவிட்டது என்று செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் கடிதம் வந்தது. பழுப்புக் கவர். அதன்மேல் அவருடைய பெயரும், திருச்சி பாலக்கரை முகவரியும், எஃப் வரிசை பதினொன்று என்ற இருக்கை எண்ணும் இருந்தன.

எந்த அபிப்பிராயம் என்றும் எழுதியிருந்தார்கள். பதின்மூன்று வருடங்களுக்கு முன் சந்திரோதயா தியேட்டரில் மதியக் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் சொன்னது அது. 'சாம்பல் வல்லூறு இரண்டாம் பாகத்தில் அப்பா சாகும் இடத்தில் ஹீரோ நன்றாக நடித்திருக்கிறான்.' அந்தக் காட்சியில் ஹீரோவின் முகம் கம்ப்யூட்டரில் வரையப்பட்டது என்று இப்போது தெரியவந்திருக்கிறது. நடிப்பே இல்லாத இடத்தில் நன்றாக நடித்ததாகச் சொன்னது செல்லாது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அபிப்பிராய அலுவலகத்துக்கு நேரில் வந்து புதுப்பிக்க வேண்டும். தவறினால், மேற்படி படத்தை அவர் பார்க்கவேயில்லை என்று பதிவு செய்யப்படும்.

இருதயராஜ் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். ஜூன் மாத நெரிசல் முடிந்திருந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே கடிதத்தை இரண்டு முறை படித்தார். பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டால் எழுதிக்கொள்ளட்டும், நமக்கென்ன என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டார்.

அவருடைய அப்பா இறந்து நாற்பத்தோராவது நாள் பார்த்த படம் அது. ஆஸ்பத்திரியில் அவர் அழவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், காப்பி கொடுத்தார், ஊருக்குத் திரும்புகிறவர்களைப் பஸ் ஏற்றிவிட்டார். கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். நாற்பத்தோராவது நாள் மதியம், திரையில் வல்லூறு தன் அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். இருதயராஜ் அழ ஆரம்பித்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடி முடிகிறவரை அழுதார்.

படத்தைப் பார்க்கவில்லை என்றால் அந்த அழுகையும் இல்லை. அப்பனுக்காக மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அரசாங்கக் கணக்கில் ஏறிவிடும்.

மனைவி புஷ்பராணியிடம் கடிதத்தைக் காட்டினார். அவள் படித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வந்து வைத்தாள்.

"போயி சரி பண்ணிட்டு வந்துருங்க. நாளைக்கு மாமா கல்லறைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது," என்றாள்.

அபிப்பிராய அலுவலகம், போன வாரம் வரை செருப்புக்கடை இருந்த இடத்தில் இருந்தது. ஆறாம் எண் அறைக்குப் போகச் சொன்னார்கள். வாசலில் நின்று பார்த்தபோது அந்த அறை இருபதடி தூரத்தில் தெரிந்தது. நடக்க ஆரம்பித்ததும் தாழ்வாரம் நீண்டது. 'நின்றால் நீளாது' என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதனால் இருதயராஜ் கொஞ்ச தூரம் நடப்பதும் கொஞ்ச நேரம் நிற்பதுமாகப் போனார். வழியில் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டைக் குவித்துக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். வெறும் காற்றுதான் வந்தது. ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு சண்டைக் காட்சிக்கு விசில் அடித்தாராம். அதைத் தவிர அவருக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது. அதே விசிலை அதிகாரி முன்னால் அடித்துக் காட்ட வேண்டும். பல்செட்டைக் கழற்றிவிட்டு அடிக்கலாமா என்று இருதயராஜிடம் கேட்டார். கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு இவர் நகர்ந்தார்.

ஆறாம் எண் அறையில் குணவதி என்ற அதிகாரி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மேஜையில் கோப்பும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. உட்காரச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சமீபத்திய சூப்பர்ஹீரோ படங்களின் நடிப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

இதை இத்தனை வருடங்களில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. இருதயராஜ் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முன்பெல்லாம் ஹீரோவின் உடுப்பைத் தைத்தார்கள் என்று ஆரம்பித்தார். முட்டியில் துணி சுருங்கும், அக்குளில் தையல் இழுக்கும், அதைப் பார்த்தாலே உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரியும். இப்போது உடுப்பையும் வரைந்துவிடுகிறார்கள். மடங்காத துணிக்குள் இருப்பவன் எப்படி மண்டி போடுவான்? அழுகிறவனுக்குத் தொண்டை அசைய வேண்டும். கழுத்துவரை மூடிவிட்டால் தொண்டைக்கு எங்கே போவது? இல்லாத எதிரியை முறைக்கிறார்கள், அதனால் எல்லோருடைய பார்வையும் நாலு விரற்கடை மேலே போகிறது. ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. தாய் செத்தாலும் ஒரு நக்கல் வசனம் சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறான். அந்தக் காலத்தில் பறக்கும்போது முதுகில் கம்பி தெரியும். அவரும் நண்பரும் கம்பியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள்.

"கம்பி தெரிஞ்சுச்சு மேடம். ஆனா பறந்தான்," என்றார்.

குணவதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அபிப்பிராயம் நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய விஷயத்துக்குச் சாட்சி வேண்டும் என்றார். அன்று எஃப் வரிசை பன்னிரண்டில் உட்கார்ந்திருந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

அது சிக்கந்தர். இருதயராஜின் கடைக்கு அடுத்த கடையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே வயது. தமிழில் பேசவைத்து வந்த எந்த சூப்பர்ஹீரோ படத்தையும் அவர்கள் முதல் நாள் மதியக் காட்சியில் விட்டதில்லை. பதினெட்டு வருடங்கள் அப்படிப் போயிற்று. அன்று படம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்ததும் இருதயராஜ், ஹீரோ நன்றாக நடித்தான் என்றார். இல்லை, அவனுக்குத் தமிழ் பேசியவன்தான் நடித்தான், குரல்தான் எல்லாம் என்றார் சிக்கந்தர். கண் இன்னும் ஈரமாக இருந்த இருதயராஜுக்கு அது யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. உனக்கு சினிமா தெரியுமா என்று ஆரம்பித்து, என்னென்னவோ பேசிவிட்டார். அடுத்த மாதம் சிக்கந்தர் கடையைக் காலி செய்துகொண்டு போனார். அதோடு சரி.

அவர் எங்கே இருக்கிறாரோ தெரியாதே என்றார் இருதயராஜ்.

குணவதி கோப்பைப் புரட்டினார். "சந்திரோதயாவுலதான் இருக்காரு சார். ஆறு வருஷமா இடைவேளையா இருக்காரு."

"வேலை பாக்குறாரா?"

"இல்ல. இடைவேளையாவே இருக்காரு. படத்துக்கு நடுவுல பத்து நிமிஷம்."

இருதயராஜ் கொஞ்சம் யோசித்தார். சிக்கந்தருக்குப் பொருத்தமான இடம்தான். விளக்குப் போடுவதற்கு முன்பே எழுந்து ஓடி, கூட்டம் சேர்வதற்குள் பஃப்ஸ் வாங்கி வருகிற ஆள். நிரந்தரமான வேலைதானா என்று விசாரித்தார். இடைவேளை எப்படிங்க நிரந்தரமாக இருக்கும் என்று குணவதி திருப்பிக் கேட்டார்.

தியேட்டருக்குப் போக வெளியே சுற்ற வேண்டியதில்லை, இதே தாழ்வாரத்தில் இடது பக்கக் கதவு என்றார்கள். இருதயராஜ் அந்தக் கதவைத் திறந்தார். எஃப் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சாம்பல் வல்லூறு ஒன்பதாம் பாகம் அப்போதுதான் ஆரம்பித்தது. பதினொன்றில் உட்கார்ந்தார். பன்னிரண்டு காலியாக இருந்தது.

முதல் பாதியில் உலகம் இரண்டு முறை அழிந்தது. ஏழு ஹீரோக்கள் வந்தார்கள். யாரும் கண் சிமிட்டவில்லை. வல்லூறு வேடத்தில் இப்போது மூன்றாவது ஆள். நல்ல உயரம். தன் தாய் புதைந்து கிடக்கும் கட்டடத்தின் முன்னால் நின்று, பஸ் வரவில்லையே என்பதுபோலப் பார்த்தான். வில்லன் மட்டும் வயதான நடிகர். முகத்தில் ஏதேதோ ஒட்டியிருந்தார்கள். அதையும் மீறி அவர் உயிரைக் கொடுத்துக் கத்தினார். கொஞ்சம் அதிகம் என்று இருதயராஜுக்குப் பட்டது. அதைச் சொல்லப் பழக்கதோஷத்தில் வலது பக்கம் திரும்பினார். இருக்கை காலியாகத்தான் இருந்தது. பதின்மூன்று வருடங்களாக அவர் படம் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போகிறவர். வீட்டில் போய் யாரிடம் சொல்வது?

இந்த மாதிரிப் படங்களில் இடைவேளைக்கு என்று தனியாக இடம் இருப்பதில்லை. எங்கே வெட்ட முடியுமோ அங்கே வெட்டுவார்கள். "நான்தான் உன்னுடைய" என்று வல்லூறு சொல்லும்போது படம் நின்றது. அவன் வாய் திறந்தபடி இருந்தது. விளக்குகள் எரிந்தன. கதவுகள் திறந்தன. பஃப்ஸ் வாசனையும் வெளிச்சமும் உள்ளே வந்தன.

இடைவேளை எஃப் வரிசை பன்னிரண்டில் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் பெருத்திருந்தது. முன்தலை வழுக்கையாகியிருந்தது. கையில் இரண்டு பஃப்ஸ்.

"முட்டைதான இன்னும்?" என்றார் சிக்கந்தர்.

"முட்டைதான்."

இருவரும் சாப்பிட்டார்கள். அதில் இரண்டு நிமிடம் போனது. புஷ்பராணி எப்படி இருக்கிறாள் என்று சிக்கந்தர் விசாரித்தார். இருதயராஜ் சொன்னார். பிள்ளைகளைப் பற்றி இவர் கேட்டார், அவர் சொன்னார். பிறகு இருதயராஜ் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். சிக்கந்தர் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது மாப்ள. அவன் நல்லா நடிச்சான்னு நான் எப்பிடிச் சொல்றது?"

"இன்னுமா?"

"இன்னும்தான்."

இருதயராஜ் படிவத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். சிக்கந்தர் கொடுக்கவில்லை. மடியில் வைத்து நீவிவிட்டார்.

"அந்தச் சீன நான் பாக்கல மாப்ள. காதுல கேட்டதோட சரி."

"பக்கத்துலதான இருந்த."

"ஒன்னையப் பாத்துக்கிட்டு இருந்தேன். நாப்பது நாளா அழாம ஒரு மனுசன் வந்தவனுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கிட்டே இருக்கான். இவன் என்னத்துக்கு ஆவானோன்னு பயம். அதுக்குத்தான் படத்துக்கே கூட்டிட்டு வந்தேன். நீ அழுக ஆரம்பிச்ச. அப்புறம் திரையப் பாக்க எனக்குத் தோணல. அவன் செருப்ப எடுத்ததே எனக்குத் தெரியாது. கொரல் மட்டும் கேட்டுச்சு. கொரல் நல்லா இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன்."

இருதயராஜ் பஃப்ஸ் காகிதத்தைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து வரிசையில் யாரோ சோளப்பொரி கொறிக்கும் சத்தம் கேட்டது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கடைசியில் கேட்டார்.

"சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இதையெல்லாம் எப்பிடிடா சொல்றது," என்றார் சிக்கந்தர்.

அவர்கள் இருவருமே அப்படிப்பட்டவற்றைச் சொல்லத் தெரியாதவர்கள். அதனால்தான் ஒன்று விடாமல் சேர்ந்து படம் பார்த்தார்கள்.

சிக்கந்தர் பேனா கேட்டு வாங்கி, சாட்சியின் குறிப்பு என்ற இடத்தில் எழுதினார். 'உடன்பாடு இல்லை. குரல்தான் நடித்தது. ஆனால் இவர் அழுதார். நான் பார்த்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

குணவதி அப்போது தேநீர் நேரமாகையால் சோளப்பொரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டாம்பைக் கையோடு கொண்டு வந்திருந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்தார். சாட்சி ஒத்துக்கொள்ளவில்லையே, செல்லுமா என்று இருதயராஜ் கேட்டார். ஒத்துப்போனால்தான் சந்தேகப்படுவோம், ஒருவர் தூங்கிவிட்டு மற்றவர் சொன்னதை அப்படியே சொல்கிறார் என்று அர்த்தம் என்றார் அவர்.

"சண்டை போட்டிருக்கீங்க. அப்ப ரெண்டு பேரும் வந்திருக்கீங்க," என்று சொல்லி, இருக்கையின் கைப்பிடியில் வைத்து முத்திரை குத்திக் கொடுத்தார். இருதயராஜின் அப்பா அழப்பட்டவர் என்பது உறுதியாயிற்று. இருதயராஜ் படிவத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. ஆட்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். விளக்குகள் அணையவில்லை. சிக்கந்தர் எழுந்திருக்கவில்லை.

"மணி அடிச்சிருச்சு," என்றார் இருதயராஜ்.

"அடிக்கட்டும்."

மறுபடி மணி அடித்தது. சிலர் இன்னொரு பஃப்ஸ் வாங்கப் போனார்கள். சிலர் காலை முன் இருக்கைமேல் நீட்டிக்கொண்டார்கள். திரையில் வல்லூறு வாயைத் திறந்தபடியே நின்றான். கால் மணி நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டான்.

சிக்கந்தர் முதல் பாதி எப்படி என்று கேட்டார். ஆறு வருடங்களாக அவர் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. முதல் பாதி முடிந்ததும் உள்ளே வர வேண்டும், இரண்டாம் பாதி ஆரம்பிப்பதற்குள் போய்விட வேண்டும். கதவுக்கு வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்பதுதான். அந்த வில்லன் பிரமாதமாக நடித்திருப்பான்போல என்றார்.

இருதயராஜால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அது நடிப்பில்லை, காட்டுக் கத்தல் என்றார். சிக்கந்தர் தலையை ஆட்டி மறுத்தார். குரலில் ஒரு இடம் உடைந்ததே, கவனித்தாயா என்றார். பின்வரிசையில் இருந்த ஒருவர் சிக்கந்தர் சொல்வதுதான் சரி என்று குறுக்கே வந்தார். இருதயராஜ் அவருக்கும் சேர்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டவன் நீ. ஒனக்கு என்ன தெரியும்?"

"சரி, தெரிஞ்சவன் சொல்லு. மொதல்லேருந்து சொல்லு."

மூன்றாவது முறையாக மணி அடித்தது. இருதயராஜ் எழுந்து நின்று, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தார்.