சோதிக்காத பலகை

செல்போன் சிக்னல் எட்டாத இடத்தில், ஒரு ரேடியோ மின்சுற்றுப் பலகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிச் செய்தி போகும். பலகை உள்ளங்கையளவுதான், செய்தி மலையையே தாண்டும். அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது என் வேலை.

புது மாடல் வந்தபோது என் கைக்கு ஒன்றுகூட வரவில்லை. பழைய மாடலின் மென்பொருள் கோப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, வாங்குபவர்கள் பார்க்கும் மாடல் பட்டியலில் 'சோதிக்கப்பட்டது' என்று போட்டுவிட்டேன். பார்க்க ஒரே மாதிரிதானே என்ற தெனாவட்டு.

அதை நம்பித்தான் வன அளவையரான என் அத்தான் அலுவலகத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று இரண்டு பலகை வாங்கினார். "என் மச்சினன் எழுதினது" என்று அலுவலகமெங்கும் தம்பட்டம் வேறு.

ஒருநாள் மலையில் அவருடன் போன உதவியாளர், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுபவர், வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அத்தான் பலகையை எடுத்தார். பேட்டரி எண்பது சதவீதம் என்று திரை காட்டியது. செய்தியை அனுப்ப அழுத்தியதும் திரை அணைந்தது. தனியாக இறங்கி ஆட்களைக் கூட்டிவர ஆறு மணி நேரம். அதுவரை நெட்டை மழையில் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அத்தான் இதைச் சொன்னபோது, எல்லோர் முன்னாலும் கேட்டேன்:

"சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேன்னுதான் நெனச்சேன்..."

"நெனச்சா ஆச்சா? எண்பதுன்னு காட்டினா எண்பது இருக்கும் அத்தான். நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதான் போல. நெட்டைகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்."

சரிபார்க்க அந்தப் பலகையை வாங்கி வந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கணினியிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். பேட்டரியே இல்லை, திரை எண்பது என்றது. புது மாடலில் பேட்டரியை அளக்கும் மின்முனையை இடம் மாற்றியிருந்தார்கள். என் கோப்பு பழைய இடத்தில், எதுவும் இணைக்காத வெறும் முனையைப் பார்த்துக் கதை அளந்திருக்கிறது.

பட்டியலைத் திருத்தி, சோதிக்காமல் எழுதியது நான்தான் என்று வெளிப்படையாகப் போட்டேன். பிறகு அத்தானை அழைத்தேன்.

"தப்பு உங்களோடது இல்ல அத்தான். என்னோடது."

"அப்ப நெட்டைகிட்ட என் தப்புன்னு நான் சொன்னது?"

"நானே வந்து சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு நெட்டை முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சோதிக்கலன்னு எழுதியிருந்தா போதுமே தம்பி. பழசையே வாங்கியிருப்போம்."

அத்தான் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். உட்காரக் கூசியது. கட்டில்மேல் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கக் கீழே இறங்கினேன்.