பாதியில் நிறுத்திய வாக்கியம்

எங்கள் தீவில் நீலக் கட்சிக்காரன் பச்சைக் கட்சியின் காப்பிக் கடைக்குள் கால் வைக்க மாட்டான். அவன் கடைக்கு நாங்களும் போக மாட்டோம். நான் பச்சைக் கடைக்காரன், சராண்டிஸ். அன்று இரண்டு கும்பலும் சதுக்கத்தில் ஒன்றாக நின்றதற்குக் காரணம், குளிர்காலக் கப்பலை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி. தீவில் ஆஸ்பத்திரி கிடையாது, கப்பலேறிப் பெரிய தீவுக்குத்தான் போகவேண்டும். என் மகள் கலிரோயிக்கோ பிப்ரவரியில் பிரசவம்.

ஏதென்ஸிலிருந்து வந்த நீலக் கட்சித் துணை அமைச்சர் பேசினார். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், என்ன பேச்சு அது! முதலில் எங்களைப் புகழ்ந்தார், பிறகு எங்கள் முன்னோரை, பிறகு எங்கள் கடலை. அப்புறம்தான் கப்பல் இல்லை என்ற சேதியைத் தேனில் குழைத்து நீட்டினார். நீலக்காரர்கள் கைகூடத் தட்டினார்கள், மானங்கெட்டவர்கள்.

பதில் சொல்ல எவாந்தியா எழுந்தாள். பள்ளியில் பழைய கிரேக்கம் நடத்துகிறவள், நீலக் கட்சி. அவளுக்கு நான் ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை.

"போன வருஷம் கப்பல் வராத ராத்திரியில ஸ்டாமாடிஸ் பொண்டாட்டி மீன் படகுலயே பிள்ளை பெத்தா. அதை நான் சொல்லப்போறதில்ல. அந்தப் பிள்ளையைப் புதைச்சதையும் சொல்லப்போறதில்ல" என்றாள்.

துணை அமைச்சர் சிரித்தார். "சொல்லமாட்டேன்னு சொல்லியே சொல்றது. நம்ம பாட்டன் காலத்து மேடை வித்தை டீச்சர். நானும் படிச்சவன்தான்."

கூட்டமும் சிரித்தது. எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன்.

அவள் அசரவில்லை. "படிச்சவரா, நல்லதாப் போச்சு. அப்போ இதை நீங்களே முடிங்க. புயல் நேரத்துல, அதோ நிக்கிறாளே கலிரோயி, அவளுக்கு வலி எடுத்து, கப்பலும் வரலேன்னா..."

அதோடு வாயை மூடிக்கொண்டாள். என் மகளை இழுத்ததில் எனக்கு ரத்தம் கொதித்தது. கண்ணேறு படாமலிருக்க மூன்று முறை துப்பினேன். ஆனால் சதுக்கம் மொத்தமும் மூச்சுவிடாமல் அவர் வாயைத்தான் பார்த்தது. பாதியில் நிறுத்தி எதிராளியை முடிக்கவைப்பதும் பழைய வித்தைதான் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் தப்ப முடியவில்லை. என் மகளின் வயிற்றைப் பார்த்தார்.

"செத்துடுவா" என்றார், ஒலிபெருக்கியில்.

தன் வாயாலேயே அதைச் சொன்ன மனிதர் அப்புறம் எந்த முகத்தோடு கப்பலை நிறுத்துவார்? பிப்ரவரியில் கப்பல் வந்தது. கலிரோயியைப் பெரிய தீவுக்குக் கூட்டிப்போய், பேத்தியோடு திரும்பினேன். இறங்கியதும் நேராக நீலக் கடைக்குள் நடந்தேன். கடைக்காரன் முறைத்தான். நான் கண்டுகொள்ளவில்லை. எவாந்தியாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"வணக்கம் டீச்சர்" என்றேன்.